வைத்திருக்கலாம், சுட முடியாது

பெங்களூரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவின் இரும்புப் பெட்டியில் துணி சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது. சுழலும் உருளை இல்லை, தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் இல்லை. பின்பக்கத்துச் சிறு கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் குழலின் பின்வாய் தெரிகிறது. அதில் ஒரே ஒரு தோட்டாவுக்குத்தான் இடம். வீட்டாருக்கு இரண்டு கேள்விகள் எழும். இதை வைத்துக்கொள்ளலாமா? இதைச் சுட்டுப் பார்க்கலாமா?

பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே கேள்வி என்று நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. விளையாட்டு உலகமும் அப்படி நினைக்கவில்லை. ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியின் கதை இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நடக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் போல வேலை செய்யும் இரும்புத் தண்டு. அதைத் திருப்பிப் பின்னுக்கு இழுத்தால் குழல் திறக்கும். தோட்டாவைக் கையால் வைத்து, தண்டை முன்னுக்குத் தள்ளித் திருப்பினால் குழல் பூட்டிக்கொள்ளும். பூட்டும்போதே உள்ளிருக்கும் ஊசி சுருள்வில்லின் அழுத்தத்தில் தயாராக நிற்கும். விசையை அழுத்தினால் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். மறுபடி தண்டை இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே வரும். பிரஷ்யப் படை டிரைசேயின் ஊசித் துப்பாக்கியை 1841இல் ஏற்றுக்கொண்டதிலிருந்து இந்த அமைப்பு நீள்துப்பாக்கிகளில் வேரூன்றியது. இரண்டு உலகப் போர்களிலும் காலாட்படையின் கையில் இருந்தவை பெரும்பாலும் போல்ட் துப்பாக்கிகளே.

கைத்துப்பாக்கியில் அது அப்படிப் பரவவில்லை. காரணம் எளிது. கைத்துப்பாக்கியை விரும்புகிறவருக்கு வேண்டியது வேகம். போல்ட் தருவதோ நிதானம். ஒரு கையில் துப்பாக்கி இருக்க, மறு கையால் திறந்து, வைத்து, மூடிச் சுடுகிற கருவியைக் காவல்துறையோ படையோ ஏன் வாங்கப்போகிறது? ஆகவே அது இரண்டே ஆட்களிடம் தங்கியது: வேட்டைக்காரர், குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்.

வேட்டைக்காரருக்காக வந்தவற்றில் பெயர்பெற்றது அமெரிக்க ரெமிங்டன் நிறுவனம் 1963இல் வெளியிட்ட எக்ஸ்பி-100. நைலான் கட்டை, நீள்துப்பாக்கியிலிருந்து வந்த போல்ட், ‘.221 ஃபயர்பால்’ என்று அதற்கென்றே உருவாக்கிய தோட்டா. பார்ப்பதற்கு விண்வெளிப் படத்தில் வரும் ஆயுதம். அமெரிக்காவில் அதைச் சேகரித்து, தோட்டாவையும் தாமே கட்டிச் சுடும் ஒரு கூட்டம் இன்றும் உண்டு. இந்தியாவில் அந்தக் கூட்டம் உருவாக வழியே இல்லை. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972க்குப் பிறகு வேட்டை என்ற காரணமே சட்டத்திலிருந்து ஏறக்குறைய நீங்கிவிட்டது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் விருப்பம்போல் தருவிக்கும் வழியும் 1980களில் மூடப்பட்டது. மிச்சம் இருந்தவர் போட்டியாளர் மட்டுமே.

அவருடைய கருவிக்கு விளையாட்டு உலகில் ஃப்ரீ பிஸ்டல் என்று பெயர். 50 மீட்டர் பிஸ்டல் என்பது போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயர். விதிகள் மிகக் குறைவு: .22 லாங் ரைபிள் தோட்டா, கண்ணாடி வில்லை இல்லாத திறந்த குறி, ஒரு கை, ஒரு முறைக்கு ஒரு தோட்டா. விசையின் எடைக்குக் கீழ்வரம்பு கிடையாது. மூச்சு பட்டாலே விழும் அளவுக்கு மெல்லிய விசையை வைத்துக்கொள்ளலாம். பிடி மணிக்கட்டைத் தாண்டாதவரை கையைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம். நல்ல ஃப்ரீ பிஸ்டலின் மரப்பிடி ஒருவருடைய உள்ளங்கைக்கென்று இழைக்கப்பட்டது. அடுத்தவர் கை அதற்குள் நுழையாது. பழைய பிஸ்டலை வாங்குகிறவர் முதலில் மாற்றுவது பிடியைத்தான். அதோடு அந்தத் துப்பாக்கியின் முந்தைய ஆளும் போய்விடுகிறார்.

சுவிட்சர்லாந்தின் லென்ஸ்பர்க் ஊர் ஹம்மர்லி நிறுவனமும், ரஷ்யாவின் தூலா ஆலையும் இதில் நெடுங்காலம் கோலோச்சின. தூலாவின் டோஸ்-35 போல்ட் துப்பாக்கி அல்ல. கீழே இறங்கும் கட்டையால் குழலைத் திறந்து மூடும் மார்ட்டினி அமைப்பு. கையைப் பிடியிலிருந்து எடுக்காமல் இயக்க அது வசதி. பிற்காலத்தில் வேறு சில தயாரிப்பாளர்கள் போல்ட் பக்கம் போனார்கள். மொரினி நிறுவனம் தன் சிஎம் 84இ பிஸ்டலில் விசையையே மின்சாரமாக்கியது: சிறிய மின்கலம், ஒரு சுற்று, விரல் பட்டதும் ஊசி விடுபடும். அமைப்பு எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் இடையில் மனிதர் ஏதாவது செய்தாக வேண்டும். கையை இறக்கி, குழலைத் திறந்து, கூட்டை எடுத்து, புதிய தோட்டாவை வைத்து, மூடி, மூச்சைச் சீராக்கி மறுபடி கையை உயர்த்த வேண்டும். அதை 60 முறை செய்ய வேண்டும்.

இதன் கடுமையை எண்ணில் சொன்னால்தான் விளங்கும். 50 மீட்டருக்கு அப்பாலிருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்குறி தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு விலகினால் போதும், குண்டு பத்திலிருந்து ஒன்பதுக்குப் போய்விடும். குண்டு நொடிக்கு ஏறத்தாழ 320 மீட்டர் வேகத்தில் போகிறது. இலக்கைத் தொட நொடியில் ஆறில் ஒரு பங்கு போல ஆகும். இதையெல்லாம் தாங்கிப்பிடிப்பது நீட்டிய ஒரே ஒரு கை. அறுபதுக்கும் பத்துப் பத்து எடுத்தால் 600. இந்த உயரத்தை யாரும் தொட்டதில்லை. சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெலென்தியேவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் டோஸ்-35ஐக் கொண்டு எடுத்த 581, முப்பத்து நான்கு ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2014இல் ஸ்பெயினின் கிரனடாவில் 583 எடுத்து அதைத் தாண்டினார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் உலோகம், மின்னணு, பயிற்சி எல்லாம் சேர்ந்து கொடுத்தது இரண்டே புள்ளி. பழைய பிஸ்டலைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதே கிரனடாப் போட்டியில் வெள்ளி வாங்கியவர் இந்திய ராணுவத்தின் ஜீத்து ராய். ரியோ ஒலிம்பிக்குக்கு இந்தியத் துப்பாக்கிச் சுடுதலின் முதல் இடத்தை அவர் அங்கேதான் உறுதி செய்தார். அந்த ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலும் இஞ்சியோன் ஆசியப் போட்டியிலும் இதே பிரிவில் தங்கம். 2010 தில்லி காமன்வெல்த்தில் ஓம்கார் சிங் இதில் தங்கம் வென்றிருந்தார். ஹாக்கியையும் கிரிக்கெட்டையும் பேசும் நாட்டில் இந்தப் பிரிவை அறிந்தவர்கள் மிகச் சிலர். ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளில் உலகத் தரத்தில் நாம் அஞ்சாமல் நின்ற பிரிவுகளில் இது ஒன்று.

பெங்களூரின் பங்கு பிரகாஷ் நஞ்சப்பா. தந்தை பி.என். பாப்பண்ணாவும் துப்பாக்கிச் சுடும் வீரர். மகன் மென்பொருள் பொறியாளர். கனடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மற்ற வீரர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் முழுமூச்சாகச் சுடத் தொடங்கியவர். 2013இல் சாங்வோன் உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம். அதே ஆண்டு கிரனடாவில் போட்டிக்குப் போன இடத்தில் முகவாதம் தாக்கியது. குறிபார்க்கும் வேலையில் இருப்பவருக்கு முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டே கிளாஸ்கோவில் வெள்ளி வென்றார். 2015 ஆகஸ்டில் அஜர்பைஜானின் கபாலாவில் 50 மீட்டர் பிஸ்டலில் எட்டாவதாக வந்து ரியோவுக்கு இடம் பெற்றார்.

2016 ஆகஸ்ட் 10, ரியோ. தகுதிச் சுற்றில் ஜீத்து ராய் 554 எடுத்து 12ஆம் இடம். நஞ்சப்பா 547 எடுத்து 25ஆம் இடம். இருவரும் இறுதிக்குப் போகவில்லை. இறுதியில் ஜின் ஜோங்-ஓ ஒன்பதாவது தோட்டாவில் 6.6 அடித்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவர் அங்கிருந்து ஏறி 193.7 புள்ளியுடன் தங்கம் வென்றார். தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஒரே தனிநபர் பிரிவில் தங்கம் என்பது துப்பாக்கிச் சுடுதலில் அதுவரை யாரும் செய்யாதது. வியட்நாமின் ஹோவாங் சுவான் வின் இரண்டாமிடம், வடகொரியாவின் கிம் சோங்-குக் மூன்றாமிடம்.

அதுதான் அந்தப் பிரிவின் கடைசி ஒலிம்பிக். 2017இல் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு ஆண்களுக்கான மூன்று பிரிவுகளை நீக்கி, ஆணும் பெண்ணும் இணையும் கலப்புப் பிரிவுகளைக் கொண்டுவர முடிவு செய்தது. ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை ஏற்றது. 50 மீட்டர் பிஸ்டலின் இடத்துக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணி வந்தது. கூட்டமைப்பின் வீரர் குழுவுக்குத் தலைவராக இருந்த நம் அபினவ் பிந்த்ரா இந்த மாற்றத்தை ஆதரித்தார். நம் ஜீத்து ராய்க்கு அதனால் போனது அவருடைய மிகச் சிறந்த பிரிவு.

பிந்த்ரா செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1896 ஏதென்ஸிலிருந்து ஏதோ ஒரு வடிவில் ஒலிம்பிக்கில் இருந்துவந்த ஃப்ரீ பிஸ்டல், கடைசியில் ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் பிரிவாகச் சுருங்கியிருந்தது. அதன் இடத்தில் வந்த பிரிவில்தான் 2024 பாரிஸில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள். பதக்கக் கணக்கில் இந்தியாவுக்கு லாபமே. ஆனால் ஒலிம்பிக்கிலிருந்து ஒரு பிரிவு போனால், அதற்கான துப்பாக்கிக்கு அரசு நிதி போகிறது, இளையவர் வருகை போகிறது, உதிரிபாகம் செய்கிறவரின் அக்கறையும் போகிறது. உலகப் போட்டிகளில் பிரிவு இன்னும் இருக்கிறது. 2018 சாங்வோன் உலகப் போட்டியில் ஓம்பிரகாஷ் மிதர்வால் 564 எடுத்து இதில் உலகச் சாம்பியன் ஆனார். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கிறது?

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவைச் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு நடிகர். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் அஜித்குமார் பதக்கங்கள் வென்றபோது, அவற்றில் 50 மீட்டர் பிஸ்டலும் இருந்தது. வாசலில் திரண்ட கூட்டம் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்காது. பரவாயில்லை.

இனி சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. அதன் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது; ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில் இருந்தால்தான். அதாவது செத்த துப்பாக்கிக்கு மட்டும் விலக்கு. .22 தோட்டா இன்றும் கடையில் விற்கிறது. ஆகவே தாத்தாவின் பிஸ்டல் அதைச் சுடுவதாக இருந்தால், குழலும் ஊசியும் நன்றாக இருக்கிறவரை, எத்தனை வயதானாலும் செத்ததாகக் கணக்கில் வராது.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் அடங்கும். மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி இரண்டு சலுகைகளைக் கொடுத்தது. ஒன்று விளையாட்டு வீரர்களுக்கு: புகழ்பெற்ற வீரர் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம், பயிற்சிக்காக ஆண்டுக்கு வாங்கும் .22 தோட்டாக்களின் அளவு 1,000இலிருந்து 5,000 ஆனது. ஒரு முழுச் சுற்றுக்கு, தொடக்கத்தில் சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்து, 80 தோட்டா என்று கொண்டால், பழைய அளவு ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குத்தான் காணும். அதை வைத்துக்கொண்டு உலகத் தரம் கேட்டிருக்கிறோம்!

மற்றொன்று நம் தாத்தாவின் பெட்டிக்கு நேராக வருவது. கியூரியோ, அதாவது அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதத்தை வாங்கவோ வைத்திருக்கவோ இந்தியக் குடிமகனுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அதைப் பயன்படுத்தவும், உடன் கொண்டுபோகவும், இடம் மாற்றவும் உரிமம் வேண்டும். உரிமத்தில் அந்தத் துப்பாக்கி பதிவாகாதவரை அதற்குத் தோட்டா விற்கக்கூடாது. சேகரிப்பவரையும் சுடுபவரையும் நம் விதிகள் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பேசியது இங்கேதான். ஒருவர் பார்த்து ரசிக்கலாம், மற்றவர் சுடலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவர் உரிமம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். பெங்களூரு நகரத்தில் அந்த வரிசை காவல் ஆணையர் அலுவலகத்தில். எந்தத் துப்பாக்கி அரும்பொருள் என்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே தீர்மானிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இந்தச் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 1861 பிப்ரவரியில் மைசூருக்கும் குடகுக்கும் ஆணையராக இருந்த மார்க் கப்பன், கொடவர்களை ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விடுவித்தார். சுதந்திர இந்தியா 1963இல் அதைத் தன் அறிவிப்பாக்கியது. 2019இல் 2029 வரை நீட்டித்தது. அங்கே துப்பாக்கி சடங்கின் பொருள். கைல்போள்து விழாவில் அதற்குப் பூ வைத்து வணங்குகிறார்கள், ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு. இந்த விலக்கு சமத்துவத்துக்கு எதிரானது என்று தொடுத்த வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020 வரை அந்த நீதிமன்றத்துக்கு முன்னால் நின்ற சிலை மார்க் கப்பனுடையது. அதை எடுத்து அவர் பெயர் கொண்ட பூங்காவுக்குள் வைத்துவிட்டார்கள். சாதியையும் நிலத்தையும் வைத்து ஆயுத விலக்குத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் துப்பாக்கியைக் குற்றத்தோடு சேர்த்தே பார்க்கும் மற்ற இடங்களில் இல்லாத ஒன்று குடகில் இருக்கிறது: பழைய துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுடும் நிலையில் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் பழக்கம்.

அது சிறு விஷயம் அல்ல. பழைய துப்பாக்கியைச் சுடுவது புதியதைச் சுடுவதைவிட ஆபத்து. சுருள்வில் தளர்ந்திருக்கும், ஊசி மழுங்கியிருக்கும், போல்ட் பூட்டும் இடம் தேய்ந்து தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருக்கும். .22 தோட்டாவுக்கு விளிம்பில்தான் தீ மருந்து. ஆகவே தோட்டா இல்லாமல் விசையை வெறுமனே இழுத்துப் பார்த்தால், ஊசி குழல்வாயின் விளிம்பில் மோதி அதையே நசுக்கிவிடும். பார்க்க வந்தவர்கள் முதலில் செய்வது அதைத்தான். 1920களின் இறுதிவரை வந்த தோட்டாக்களின் தீ மருந்து குழலுக்குள் உப்பை விட்டுப் போகும். ஈரத்தை இழுக்கும் அந்த உப்பு குழலை உள்ளுக்குள் தின்றிருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பள்ளம். தேர்ந்த கைவினைஞர் பார்க்காமல் எந்தப் பழைய பிஸ்டலிலும் தோட்டா ஏற்றக்கூடாது.

கடுமையான சட்டத்துக்குள்ளும் இதற்கு வழி கண்ட நாடு பிரிட்டன். டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், அந்நாடு 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. பிரிட்டிஷ் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டிய அளவுக்கு அது இறுக்கமானது. அதே சட்டத்தின் ஏழாம் பிரிவு வரலாற்று மதிப்புள்ள கைத்துப்பாக்கிகளை இரண்டாகப் பிரித்தது. 1919க்கு முன் செய்யப்பட்டு, இன்று தோட்டா எளிதில் கிடைக்காதவற்றை உரிய சான்றிதழோடு வீட்டில் சேகரிப்பாக வைக்கலாம். அரியதாகவோ தொழில்நுட்பச் சிறப்புள்ளதாகவோ இருக்கும் மற்றவற்றை பிஸ்லி போன்ற குறிப்பிட்ட சுடுதளங்களில் பூட்டி வைத்து, அங்கேயே சுடலாம். வெளியே கொண்டுபோக முடியாது. துப்பாக்கி வீட்டுக்கு வருவதில்லை, ஆள் துப்பாக்கியிடம் போகிறார்.

நம் 2020 விதி முதல் பாதியைச் செய்துவிட்டது. இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. ஜி.வி. மாவ்லங்கரை முதல் தலைவராகக் கொண்டு 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்துக்கு மாநிலந்தோறும் கிளை உண்டு, பல கிளைகளுக்குச் சுடுதளமும் காவலுள்ள ஆயுத அறையும் உண்டு. ஒலிம்பிக் கைவிட்ட ஃப்ரீ பிஸ்டல்களும், வாரிசுகள் என்ன செய்வதென்று தெரியாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளும் அந்த அறைகளுக்குப் போகட்டும். அவற்றைச் சோதித்துச் சான்றளித்து, சங்கத்தின் பெயரிலேயே உரிமம் எடுத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கேயே வைத்துச் சுடும் போட்டி நடத்தலாம். உலகப் போட்டிக்கு வீரர்களை அனுப்பிய பெங்களூரில் அதைத் தொடங்குவது பொருத்தம். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் ஒரு அறிவிப்பும், மாநிலச் சங்கத்தின் ஒரு தீர்மானமும் வேண்டும். அதுவரை பெட்டியில் துப்பாக்கியைக் கண்டெடுக்கும் வீட்டார் செய்ய வேண்டியது இதுதான்: விசையைத் தொடாதீர்கள், தூக்கிக்கொண்டு வெளியே போகாதீர்கள், காவல் ஆணையர் அலுவலகத்துக்கு முதலில் எழுத்தில் தெரிவியுங்கள்.